5 மில்லியாம்பியரில் தொடங்கிய வடிவமைப்பு: பேட்டரியில் இயங்கும் கையடக்க பவர் சப்ளை

பவர் சப்ளை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்றுதான். அதை வடிவமைக்க உட்காருகிறவரும் அந்த இரண்டு எண்களையே பிடித்துக்கொண்டு தொடங்கினால், கடைசியில் கையில் இருப்பது குமிழ் வைத்த சார்ஜராகத்தான் இருக்கும். புதிதாகச் சால்டர் செய்த போர்டுக்கு முதன்முறையாக மின்சாரம் கொடுக்கிறோம். எங்கோ ஓரிடத்தில் ஈயம் வழிந்து இரண்டு கால்களை இணைத்திருந்தால் அந்த போர்டு பிழைக்குமா என்பதை மின்னோட்ட வரம்புதான் முடிவு செய்கிறது. ஆகவே இந்தக் கருவிக்கு நான் எழுதிய தேவைப் பட்டியலின் முதல் வரி இது: 5 மில்லியாம்பியர் என்று வரம்பு வைத்தால், வெளியே எதை மாட்டினாலும் வரம்பு அங்கேயே நிற்க வேண்டும். மற்ற முடிவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவை.

மீதித் தேவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியீடு 0 முதல் 20 வோல்ட் வரை. மின்னோட்டம் 2 ஆம்பியர் வரை, ஆனால் மொத்தத் திறன் 30 வாட்டைத் தாண்டாது. விசிறி கிடையாது. பையில் போட்டுக்கொண்டு போகலாம். சென்சார், ஆடியோ சர்க்யூட்களைச் சோதிக்கும் அளவுக்கு வெளியீடு சுத்தமாக இருக்க வேண்டும்.

மிதக்கும் வெளியீடு

எடுத்துச் செல்ல முடிகிறது என்பதற்காகத்தான் பேட்டரி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது நன்மை. முதல் நன்மை, இந்தக் கருவி சுவர் மின்சாரத்தோடு எந்த உறவும் இல்லாமல் மிதக்கிறது என்பது.

மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி மாற்றும் ஸ்விட்ச்சிங் அடாப்டர்களில் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் இடையே ஒய் வகைக் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) இருக்கும். இரைச்சலை அடக்க அது தேவை. ஆனால் அதன் வழியே மில்லியாம்பியரில் ஒரு சிறு பகுதி அளவுக்கு மாற்று மின்னோட்டம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். எர்த் இல்லாத அடாப்டரில் சார்ஜ் ஆகும் லேப்டாப்பின் உலோக உடலைத் தடவும்போது விரல்நுனியில் தெரியும் மெல்லிய அதிர்வு இதுதான். மைக்ரோவோல்ட் அளவில் சென்சார் சமிக்ஞையை அளக்கிறவருக்கு இந்தக் கசிவு பெரிய தலைவலி. எர்த் செய்யப்பட்ட சப்ளையில் சிக்கல் வேறு விதம். மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் தரை கிளிப்பும் எர்த்தோடுதான் இணைந்திருக்கிறது. சப்ளையின் எதிர்முனையும் அங்கேயே இருந்தால், கிளிப்பைச் சர்க்யூட்டின் வேறொரு புள்ளியில் மாட்டிய கணமே அந்தப் புள்ளி தரையோடு ஷார்ட் ஆகிவிடும். பேட்டரி சப்ளையில் இந்த இரண்டும் இல்லை. இரண்டு கருவிகளைத் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைத் தரையாக வைத்து, நேர் 12, எதிர் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாம்.

எத்தனை செல்கள்

18650 லித்தியம் அயன் செல்கள் நான்கைத் தொடராக இணைத்தேன். முழு சார்ஜில் 16.8 வோல்ட். ஒரு செல் 3.2 வோல்ட்டுக்கு, அதாவது மொத்தம் 12.8 வோல்ட்டுக்கு இறங்கியதும் கருவி தானாக நின்றுவிடும். ஒவ்வொரு செல்லும் 3 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் ஏறத்தாழ 43 வாட்-மணி. விமானத்தில் கைப்பையோடு எடுத்துச் செல்வதற்கான 100 வாட்-மணி எல்லைக்கு இது மிகவும் கீழே.

இரண்டு செல் போதாதா? 30 வாட் வெளியீட்டுக்கு, எடுப்பதில் 80 சதவீதமே வெளியே வருகிறது என்று வைத்தால், பேட்டரியிலிருந்து 37.5 வாட் எடுக்க வேண்டும். இரண்டு செல் அடுக்கு 6.4 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது 6 ஆம்பியரை நெருங்கிவிடும். நான்கு செல்லில் 3 ஆம்பியருக்குள் அடங்குகிறது. ஆறு செல் வைத்தால் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் குறைந்து சர்க்யூட் எளிமையாகும். ஆனால் யூஎஸ்பி-சி பவர் டெலிவரி சார்ஜர்களில் பரவலாகக் கிடைக்கும் உச்ச மின்னழுத்தம் 20 வோல்ட். நான்கு செல்லுக்கு அதிலிருந்து இறக்கினால் போதும். ஆறு செல்லுக்கு 25.2 வோல்ட் வரை ஏற்ற வேண்டும். சார்ஜ் செய்யும் பக்கம் எளிமையாக இருக்கட்டும் என்று நான்கில் நின்றேன்.

செல்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்துதான் இணைக்க வேண்டும். செல்லின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கக் கூடாது. அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிரிப்புப் படலத்தையும் முனையிலுள்ள சீலையும் கெடுக்கும். செல்களைச் சமன்படுத்தும் பாதுகாப்பு போர்டு, செல்களுக்கு நடுவே வெப்பம் அறியும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் ஆகிய மூன்றும் பேரம் பேசாமல் இருக்க வேண்டியவை. பாதுகாப்பு போர்டு இருக்கும்போது ஃபியூஸ் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பாதுகாப்பு போர்டில் மின்சாரத்தைத் துண்டிப்பது மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். மாஸ்ஃபெட் பழுதாகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் பழுதாகும்.

இரண்டு அடுக்கு

பேட்டரிக்கும் வெளியீட்டுக்கும் நடுவே வெறும் லீனியர் ரெகுலேட்டரை, அதாவது மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக்கி இறக்கும் சுற்றை, வைத்தால், 16.8 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர் இறக்கும்போது 30 வாட் வெப்பமாகப் போகும். விசிறி இல்லாத சிறு பெட்டிக்கு அது ஒத்துவராது. பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு மேலேயும் போக முடியாது. வெறும் ஸ்விட்ச்சிங் மாட்யூலை வைத்தால் வெப்பம் குறையும். ஆனால் வெளியீட்டில் பத்துக்கணக்கான மில்லிவோல்ட் அலைவு நிற்கும். அதை அடக்க வெளியீட்டில் பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். அங்கேதான் என் முதல் வரி அடிபட்டுப் போகும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எனவே முன்னால் மின்னழுத்தத்தை இறக்கவும் ஏற்றவும் வல்ல ஒரு பக்-பூஸ்ட் ஸ்விட்ச்சிங் அடுக்கு, பின்னால் ஒரு லீனியர். முன்னடுக்கில் நான்கு மாஸ்ஃபெட்டை இயக்கும் எல்டிசி3780 போன்ற கன்ட்ரோலர். 300 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. வெளியீட்டின் அளவை அதற்குத் திருப்பிச் சொல்லும் பின்னூட்டப் பாதையில் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் அமர்ந்து, முன்னடுக்கின் மின்னழுத்தம் கடைசி வெளியீட்டைவிட எப்போதும் ஏறக்குறைய 1.5 வோல்ட் மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. 1 வோல்ட் கேட்டாலும் 20 வோல்ட் கேட்டாலும் லீனியர் அடுக்கில் விழுவது அந்த 1.5 வோல்ட் மட்டுமே. 2 ஆம்பியரில் 3 வாட். பின்பக்க அலுமினியத் தகடு அதை எளிதாகத் தாங்கும்.

இரண்டு அடுக்குக்கும் நடுவே 2.2 மைக்ரோஹென்றி சுருளும் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் கொண்ட வடிகட்டி இருக்கிறது. பின்னால் வரும் லீனியர் அடுக்கே அலைவை அடக்கிவிடும் என்று நம்பி இதை விட்டுவிடக் கூடாது. லீனியரின் அடக்கும் திறன் குறைந்த அதிர்வெண்களில்தான் அபாரமாக இருக்கும். 300 கிலோஹெர்ட்ஸில் அதன் ஓப்-ஆம்புக்கு, அதாவது வெளியீட்டை ஒப்பிட்டுத் திருத்தும் பெருக்கிக்கு, வேகம் போதாது. இந்த வடிகட்டியின் முறிவு அதிர்வெண் 23 கிலோஹெர்ட்ஸ் அளவில் வருகிறது. ஆகவே ஸ்விட்ச்சிங் அலைவு ஏட்டுக்கணக்கில் நூற்றைம்பது மடங்குக்கும் மேலாகக் குறைய வேண்டும். வடிகட்டி தானே அதிர்ந்து ஆடாமல் இருக்க, சற்று உள்தடை உள்ள 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை இணையாக வைத்திருக்கிறேன்.

லீனியர் அடுக்குக்கு ஆயத்த ஐசி ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது. 1970களில் பாப் டாப்கின் நேஷனல் செமிகண்டக்டரில் உருவாக்கிய எல்எம்317 இன்றும் எங்கும் கிடைக்கிறது. ஆனால் வழக்கமான இணைப்பில் அது 1.25 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. அவரே பின்னாளில் லீனியர் டெக்னாலஜியில் கொண்டுவந்த எல்டி3080, 10 மைக்ரோஆம்பியர் மின்னோட்ட மூலம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு ஒரே ரெசிஸ்டரால் பூஜ்யம் வரை இறங்குகிறது. அழகான ஐசி. ஆனால் அதன் மின்னோட்ட வரம்பு உள்ளேயே பதிந்திருக்கிறது. நாம் 5 மில்லியாம்பியருக்கு அதைத் திருப்ப முடியாது. இங்கே வேண்டியது அந்த ஒன்றுதான். அதனால் தனித்தனி ஓப்-ஆம்புகளும் ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட்டும்.

மாஸ்ஃபெட் தேர்வில் கவனம் தேவை. ஸ்விட்ச்சிங்குக்காகவே செய்யப்படும் புதிய தலைமுறை மாஸ்ஃபெட்கள் லீனியர் வேலையில் ஓரிடத்தில் சூடு குவிந்து எரிந்துவிடக்கூடும். 20 வோல்ட் வெளியீட்டில் திடீரென்று ஷார்ட் விழுந்தால், முன்னடுக்கின் கெப்பாசிட்டர்கள் வடியும்வரை மாஸ்ஃபெட்டின் மேல் 21.5 வோல்ட்டும் 2 ஆம்பியரும் ஒரே நேரத்தில் நிற்கும். அதாவது தொடக்கத்தில் 43 வாட். தரவுத்தாளின் பாதுகாப்பான இயக்கப் பரப்பு வரைபடத்தில் 10 மில்லிசெகண்ட் கோடு இதற்கு மேலே இருக்கும் பழைய ரகம் ஒன்றைத்தான் எடுத்தேன். முதல் பக்கத்தில் போட்டிருக்கும் வாட் எண்ணை இந்த வேலைக்கு நம்பவே கூடாது.

மின்னோட்டத்தை அளப்பது

வரம்பு துல்லியமாக இருக்க வேண்டுமானால் முதலில் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். வெளியீட்டின் எதிர்முனைப் பாதையில் 50 மில்லி ஓம் ஷண்ட் ஒன்று, அதாவது மின்னோட்டத்தை அளப்பதற்கான சிறு தடை. 2 ஆம்பியரில் அதன் மேல் 100 மில்லிவோல்ட், அளக்கத் தாராளம். ஆனால் 5 மில்லியாம்பியரில் வெறும் 250 மைக்ரோவோல்ட். சாதாரண ஓப்-ஆம்பின் உள்ளார்ந்த பிழை மின்னழுத்தமான ஆஃப்செட்டே அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஆஃப்செட் மிகக் குறைந்த ஜீரோ-டிரிஃப்ட் ஓப்-ஆம்ப் போட்டாலும், போர்டில் இருக்கும் ஒவ்வொரு மூட்டும் வெப்ப மின்னழுத்தத்தைச் சேர்க்கும். எனவே இரண்டு வீச்சுகள். அதே பாதையில் 1 ஓம் ஷண்ட் ஒன்று தொடராக இருக்கிறது. 100 மில்லியாம்பியர் வரை அதை அளக்கிறோம். அதற்கு மேல் ஒரு மாஸ்ஃபெட் அதைக் குறுக்கே இணைத்து விலக்கிவிடும். சிறிய வீச்சில் 5 மில்லியாம்பியர் என்பது 5 மில்லிவோல்ட். இப்போது ஓப்-ஆம்பின் 50 மைக்ரோவோல்ட் பிழை வெறும் 1 சதவீதம். விலக்கும் மாஸ்ஃபெட்டின் உள் டையோடு இதில் குறுக்கிடாது. ஷண்ட்டின் மேல் 100 மில்லிவோல்ட்டைத் தாண்டாதபோது அது திறக்கவே திறக்காது. வீச்சு மாறும்போது வரிசை முக்கியம்: மேலே போகும்போது முதலில் ஷண்ட்டை விலக்கி, பிறகு வரம்பை உயர்த்த வேண்டும், கீழே வரும்போது வரம்பை முதலில் இறக்க வேண்டும்.

ஷண்ட்டில் விழும் மின்னழுத்தம் வெளியீட்டைக் குறைத்துவிடாதா? குறைக்காது. மின்னழுத்தச் சுற்று வெளியீட்டின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டையே அளக்கிறது. ஷண்ட் அதற்கு வெளியே இருக்கிறது.

போர்டு வரையும்போது இங்கே ஒரு நாள் கூடுதலாகச் செலவழித்தாலும் தகும். ஒரு அவுன்ஸ் செம்புப் படலத்தில் ஒரு சதுரத்தின் தடை ஏறத்தாழ அரை மில்லி ஓம். அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமுள்ள ஒரு தடம் 5 மில்லி ஓம் ஆகிவிடும். 50 மில்லி ஓம் ஷண்ட்டோடு அதுவும் சேர்ந்து அளக்கப்பட்டால் அளவு 10 சதவீதம் தவறும். திருகித் திருத்திக்கொள்ளலாமே என்றால், செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். காலையில் திருத்தியது கருவி சூடானதும் மாறிவிடும். ஷண்ட்டின் பட்டைகளுக்கு அடியிலிருந்து, மின்னோட்டம் பாயாத தனி இழைகள் இரண்டை நேராக ஓப்-ஆம்புக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு கால் ஷண்ட் கிடைத்தால் இன்னும் நல்லது.

வெளியீட்டுக் கெப்பாசிட்டர்

இந்த ஆய்வில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான். மின்னோட்ட வரம்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வரம்புச் சுற்றைத் தாண்டி வெளியீட்டு முனையில் உட்கார்ந்திருக்கும் கெப்பாசிட்டரை அது கட்டுப்படுத்த முடியாது. மடையை அடைத்த பிறகும் வாய்க்காலில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் வயலுக்குப் போய்த்தான் தீரும்.

கணக்கைப் பாருங்கள். வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட், 12 வோல்ட், வரம்பு 10 மில்லியாம்பியர். 2 வோல்ட் சிவப்பு எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக முனைகளில் தொடுகிறோம். வரம்பு இருக்கிறதே என்ற நம்பிக்கையில்தான் தொடுகிறோம். கெப்பாசிட்டரில் 34 மில்லிஜூல் காத்திருக்கிறது. பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று வைத்தால், தொட்ட கணத்தில் 2 ஆம்பியர் பாயும். அது தணிய 2 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். மாஸ்ஃபெட்டை வரம்புச் சுற்று முழுவதுமாக மூடிவிட்டிருக்கும். திரையில் 10 மில்லியாம்பியர் என்றுதான் காட்டும். எல்இடி போயிருக்கும். அதே இடத்தில் 10 மைக்ரோஃபாரட் இருந்தால் ஆற்றல் 0.72 மில்லிஜூல், 50 மைக்ரோசெகண்டில் அடங்கிவிடும். உச்ச மின்னோட்டம் அதேதான், ஆனால் எல்இடியின் சந்தியைச் சுடும் அளவுக்கு நேரம் இல்லை.

இந்தக் கருவியில் வெளியீட்டு முனையில் இருப்பது 10 மைக்ரோஃபாரட் மட்டுமே. இதற்குக் கொடுத்த விலை, மின்னழுத்தச் சுற்றின் நிலைத்தன்மைக்காகச் செய்த உழைப்பு. பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் சுமை சட்டென்று மாறும்போது அது தாங்கிக்கொள்ளும். இல்லாதபோது ஓப்-ஆம்பே வேகமாக ஓட வேண்டும். வெளியே யாராவது உள்தடையே இல்லாத 1000 மைக்ரோஃபாரட் மாட்டினாலும் அலையக் கூடாது. ஈடுசெய்யும் பாகங்களை, எதுவும் மாட்டாத நிலையிலிருந்து 2200 மைக்ரோஃபாரட் வரை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து நிலைப்படுத்தினேன். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன். அதற்கு வருத்தமில்லை.

வெளியீட்டின் குறுக்கே 10 மில்லியாம்பியர் உறிஞ்சும் சிறு சுற்று ஒன்றும் இருக்கிறது. குமிழைக் கீழே திருப்பினால் மின்னழுத்தமும் கூடவே இறங்க அது வேண்டும்: 10 மைக்ரோஃபாரட் 20 வோல்ட்டிலிருந்து காலியாக 20 மில்லிசெகண்ட். அந்த மின்னோட்டம் ஷண்ட்டுக்கு வெளியே திரும்புவதால் அளவில் சேராது.

வரம்பிலிருந்து திரும்பும் கணம்

மின்னழுத்தச் சுற்றும் மின்னோட்டச் சுற்றும் டையோடுகள் வழியே மாஸ்ஃபெட்டின் ஒரே கேட்டை, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் காலை, இழுக்கின்றன. எது குறைவாகக் கேட்கிறதோ அதுவே ஆளும். ஷார்ட் நிலைக்கும்போது மின்னோட்டச் சுற்று ஆள்கிறது. அப்போது மின்னழுத்தச் சுற்றின் ஓப்-ஆம்ப் "இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்" என்று தன் உச்சத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஷார்ட் விலகியதும் அது அங்கிருந்து இறங்கி வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வெளியீடு குறித்த அளவைத் தாண்டி மேலே பாயும். 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரைச் சோதிக்கிறவருக்கு இதுதான் உண்மையான ஆபத்து: ஷார்ட் கொல்லாத சிப்பை ஷார்ட்டிலிருந்து மீளும் கணம் கொல்லும்.

ஓப்-ஆம்பின் வெளியீட்டை அது கடைசியாக நின்ற இடத்துக்குச் சற்று மேலேயே பிடித்து வைக்கும் கிளாம்ப் ஒன்று இதற்குத் தீர்வு. 3.3 வோல்ட், 100 மில்லியாம்பியர் வரம்பு என்று வைத்து, முனைகளை ஒரு மாஸ்ஃபெட்டால் ஷார்ட் செய்து விடுவித்து, ஆசிலாஸ்கோப்பில் பார்த்தேன். கிளாம்ப் இல்லாதபோது கூர்மையான ஒரு கொம்பு 5 வோல்ட்டைத் தாண்டி எழுந்தது. கிளாம்ப் போட்டதும் அது 3.4 வோல்ட்டுக்குள் அடங்கியது. பவர் சப்ளை வடிவமைக்கும் எவரும் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுதான் என்பேன். பெரும்பாலோர் செய்வதே இல்லை.

குமிழ்களும் சார்ஜிங்கும்

மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் பத்துச் சுற்றுப் பொட்டென்ஷியோமீட்டர்கள். அணைத்துப் போட்டாலும் வைத்த இடம் மாறாது. அதன் நடுக்கால் தேய்ந்து தொடர்பு விட்டுப்போனால் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக அந்தக் காலிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர். தொடர்பு போனால் வெளியீடு பூஜ்யமாகும். மைக்ரோகன்ட்ரோலர் திரையைக் காட்டுவதோடும், 30 வாட்டைத் தாண்டினால் மின்னோட்ட வரம்பை இறக்குவதோடும் சரி. வெளியீட்டுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே வைத்திருக்கும் வரம்பு திரையில் தெரியும். மைக்ரோகன்ட்ரோலர் விழித்தெழும் நேரத்தில் அதன் கால்கள் எந்தப் பக்கமும் இழுக்காமல் இருக்கும். அப்போது வெளியீட்டை மூடி வைப்பதும் ஒரு ரெசிஸ்டரின் வேலைதான்.

அணைத்த பிறகு உண்மையாகவே அணைந்திருக்க வேண்டும். 5 மில்லியாம்பியர் கசிந்தாலே 3 ஆம்பியர்-மணி பேட்டரி 25 நாளில் காலியாகிவிடும். எனவே பாதுகாப்பு போர்டைத் தவிர எல்லாவற்றையும் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் துண்டித்துவிடுகிறது.

சார்ஜ் ஆகும்போது வெளியீடு வேலை செய்யாது. இதைக் குறை என்று சொன்னவர்கள் உண்டு, நான் மாற்றவில்லை. யூஎஸ்பி-சி கம்பி மாட்டப்பட்ட கணமே கருவி மிதப்பதை நிறுத்திவிடும். சார்ஜரின் கசிவு வெளியீட்டுக்கு வந்துவிடும். அதைவிட மோசமாக, கருவியைக் கணினியில் மாட்டி சார்ஜ் செய்யும்போது, சோதிக்கப்படும் போர்டும் அதே கணினியின் யூஎஸ்பியில் இணைந்திருந்தால், திரும்பும் மின்னோட்டம் ஷண்ட்டைச் சுற்றிக்கொண்டு அந்தக் கம்பி வழியே போய்விடும். அப்போது 5 மில்லியாம்பியர் வரம்பு என்பதற்குப் பொருளே இல்லை. 5 வோல்ட், அரை ஆம்பியர் சுமைக்கு ஒரு சார்ஜில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற கருவிக்கு, வேலைக்கு நடுவே சார்ஜ் செய்ய வேண்டிய அவசரமும் இல்லை.

இன்னும் தீராதது

அலைவை அளக்கும்போது ஆசிலாஸ்கோப் முனையின் நீளத் தரைக் கம்பியைக் கழற்றிவிட்டு, முனையைச் சுற்றும் குட்டிச் சுருளை மாட்டி அளக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கம்பி பிடிக்கும் இரைச்சலைத்தான் அளப்போம். அப்படி அளந்தபோது பெரும்பாலான இடங்களில் அலைவு 2 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்னடுக்கின் வெளியீடும் பேட்டரியின் மின்னழுத்தமும் ஏறத்தாழ சமமாகும்போது, கன்ட்ரோலர் இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாவல் 300 கிலோஹெர்ட்ஸைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணில் நிகழ்வதால் நடுவிலுள்ள வடிகட்டி அதைத் தடுப்பதில்லை. லீனியர் அடுக்குதான் முழுச் சுமையையும் ஏற்கிறது. நான்கு செல் என்று முடிவெடுத்ததால், 12 முதல் 15 வோல்ட் வரை கேட்கும்போது பேட்டரி எந்த நிலையில் இருந்தாலும் இந்தப் பகுதிக்கு அருகே வந்துவிடுகிறோம். அடுத்த போர்டில், இந்தப் பகுதியில் மட்டும் முன்னடுக்கை 1.5 வோல்ட்டுக்குப் பதில் 3 வோல்ட் மேலே ஓட வைத்து, தாவும் இடத்தைத் தாண்டிப் போகப் பார்க்கிறேன். 2 ஆம்பியரில் 3 வாட் கூடுதல் வெப்பம். தகடு தாங்குகிறதா என்பதை வெயில் நேரத்தில், மூடிய பையில் வைத்துச் சோதிக்க வேண்டும்.